ராத்திரி, சின்ன ரூம், சின்ன சவுண்டு: என் ஸ்டீரியோ சரியான கதை முழுசா

பகல்ல கேட்டா அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், அதே பாட்டு, அவ்ளோ நல்லா இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல வால்யூமைக் குறைச்சா பாட்டுல இருந்து உசுரே போயிடும். பேஸ் கிட்டார் வாசிக்கிறாங்களா இல்லையான்னே தெரியாது, ட்ரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கும், குரல் மெலிஞ்சு போய் ஃபோன்ல பேசுற மாதிரி வரும். சரி கொஞ்சம் ஏத்தலாம்னு பாத்தா பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது. ஹெட்ஃபோன் போட்டுக்கோன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, ஹெட்ஃபோன் நல்ல விஷயம்தான், எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, ஆனா முன்னாடி ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல காத்துல ஒருத்தர் நின்னு பாடுற அந்த உணர்வு அதுல வராது. எனக்கு அதுதான் வேணும். நாள் முழுக்க வேலை பாத்துட்டு நான் பாட்டு கேக்குற நேரமே அந்த ஒரு மணி நேரம்தான்.

அதனால இதை ஒரு தனிப் பிரச்சினையா எடுத்துக்கிட்டு ஆறு மாசம் மாத்தி மாத்திப் பாத்தேன். எது வேலை செஞ்சுச்சு, எது செய்யல, ஏன்னு எழுதுறேன். இதே நிலைமையில நிறைய பேர் இருப்பீங்க, நான் சுத்துன சுத்தை நீங்க சுத்த வேண்டாம்.

முதல்ல ரூம். நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.9 மீட்டர். இந்தக் கடைசி ரெண்டு நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி அதுதான் வில்லன். ஸ்பீக்கர் ரெண்டும் 13 சென்டிமீட்டர் வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் வகை, பின்பக்கம் போர்ட் (பேஸ் காத்து வெளிய வர்ற ஓட்டை), சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் குடுத்தா எவ்ளோ சத்தம் வரும்ங்கிறது, 86 டெசிபெல். 3 மீட்டர் சுவர்ப் பக்கம் ரேக்ல ஸ்பீக்கர், எதிர்ச் சுவரை ஒட்டி சோஃபா. ஸ்பீக்கர்ல இருந்து என் காது வரைக்கும் 3.1 மீட்டர். பகல்ல நான் கேக்குறது சராசரியா 78 டெசிபெல், ராத்திரி 56. சத்தம் அளக்குற மீட்டர் வச்சுதான் சொல்றேன்.

காது பண்ற வேலை

இது புரியாம நான் பண்ண செலவு கொஞ்சம் இல்ல, அதனால இதை முதல்ல சொல்லிடுறேன். நம்ம காது எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி கேக்கறது இல்ல. நடு ஃப்ரீக்வென்சி, அதாவது குரல் இருக்கிற இடம், சத்தம் குறைஞ்சாலும் நல்லாவே கேக்கும், ஆனா பேஸ், அதாவது அடியில வர்ற கனமான சத்தம், சீக்கிரம் மறைஞ்சிடும். இதை அளந்து வெளியிட்டு பேர் வாங்குனது அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்த ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர், 1933ல. அப்புறம் பல பேர் திரும்பத் திரும்ப அளந்து, இப்போ அது ஐஎஸ்ஓ 226ங்கிற ஸ்டாண்டர்டா இருக்கு, 2003ல பெருசா திருத்துனாங்க.

அதுல இருந்து நமக்கு வேண்டியது இவ்ளோதான். 1000 ஹெர்ட்ஸ் சத்தம் 80 டெசிபெல்ல இருக்குன்னா, 100 ஹெர்ட்ஸ் சத்தம் அதே அளவு கேக்க கிட்டத்தட்ட 92 டெசிபெல் வேணும், 12 அதிகம். அதே 1000 ஹெர்ட்ஸை 40க்கு இறக்கிட்டா, 100 ஹெர்ட்ஸுக்கு 64 வேணும், 24 அதிகம். ஆனா வால்யூம் நாப் என்ன பண்ணுது, எல்லாத்தையும் ஒரே அளவு 40 டெசிபெல் இறக்குது. அப்போ நம்ம காதுக்கு 100 ஹெர்ட்ஸ்ல 12 டெசிபெல் பேஸ் காணாம போச்சு. ஸ்பீக்கர் அதே விகிதத்துலதான் குடுக்குது, காதுதான் எடுத்துக்கல. நான் இதைக் கணக்கு போட வசதியா வச்சிருக்கிறது: ஒவ்வொரு 10 டெசிபெல் குறைக்கும்போதும் 100 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபெல் போகுது, 50 ஹெர்ட்ஸ்ல 4 மாதிரி போகுது. ட்ரெபிள், அதாவது மேல வர்ற கீச்சு சத்தம், அந்தப் பக்கம் பெருசா ஒண்ணும் மாறாது, இந்த அளவுகளை வளைவா வரைஞ்சா கோடுகள் அங்க கிட்டத்தட்ட இணையாத்தான் போகும்.

என் கேஸ்ல 78ல இருந்து 56, 22 டெசிபெல் இறக்கம். அப்போ 100 ஹெர்ட்ஸ்ல ஆறரை, 50 ஹெர்ட்ஸ்ல ஒன்பது டெசிபெல் கடன். பகல்ல நல்லா இருக்கிற சிஸ்டம் ராத்திரி செத்துப் போறதுக்கு முதல் காரணம் இது.

வீணா போன ரெண்டு முயற்சி

ஒரு நண்பர் சொன்னார், "டேய், ஆம்புக்கு மூச்சு பத்தலடா, வாட்ஸ் அதிகமா இருந்தா சின்ன வால்யூம்லயும் பேஸ் நல்லா வரும்." அவரே அவரோட பெரிய ஆம்பைக் கொண்டு வந்து குடுத்தார், பத்து நாள் வச்சுக் கேட்டேன், நல்ல மனுஷன். பகல்ல ஏதோ வித்தியாசம் இருக்கிற மாதிரி பட்டுச்சு, ராத்திரி ஒரு வித்தியாசமும் இல்ல. அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். 86 டெசிபெல் சென்சிட்டிவிட்டின்னா ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர்ல 86. எனக்கு வேண்டியது 56. முப்பது டெசிபெல் கீழ, அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு, ஒரு மில்லிவாட். நான் மூணு மீட்டர் தள்ளி உக்காந்திருக்கேன்னு அதையும் சேர்த்தா எட்டு பத்து மில்லிவாட் ஆகும். பேஸை மட்டும் 10 டெசிபெல் தூக்குனாலும் அது ஒரு வாட்ல பத்துல ஒரு பங்குதான். அம்பது வாட் ஆம்ப் ராத்திரி சும்மா உக்காந்திருக்கு, நூறு வாட் வந்தா அதுவும் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கும், அவ்ளோதான். சின்ன வால்யூமுக்காக ஆம்ப் மாத்த நினைக்கிறவங்க தயவு செஞ்சு இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது, ஃபோம். ரெண்டரை சென்டிமீட்டர் தடிமன்ல முட்டை அட்டை மாதிரி குழி குழியா இருக்குமே, அதை வாங்கி சைடு சுவர் பாதி ஒட்டிட்டேன். அவ்ளோ மெல்லிசான ஃபோம் ட்ரெபிளை மட்டும்தான் உறிஞ்சும், பேஸுக்கு அது இருக்கிறதே தெரியாது. என்ன ஆச்சுன்னா பேஸ் கடன் அப்படியே இருக்கு, மேல இருந்த கொஞ்ச நஞ்ச பளபளப்பும் போய் பாட்டு போர்வை போத்துன மாதிரி ஆயிடுச்சு. பிச்சு எடுத்துட்டேன், சுவர்ல பசை மட்டும் மிச்சம்.

சத்தத்துக்கு அடியில என்ன இருக்கு

இதுக்கப்புறம்தான் மீட்டரை எடுத்து, பாட்டு எதுவும் போடாம, சும்மா ரூமை அளந்தேன். சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல 44 டெசிபெல். இதைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாட்டு சராசரி 56னா அதுல மெதுவா வர்ற இடம், நோட்டு தேஞ்சு முடியுற வால், பாடகர் மூச்சு இழுக்கிறது, ரெக்கார்டிங் நடந்த ஹாலோட எதிரொலி, இதெல்லாம் 20 டெசிபெல் கீழ 36ல இருக்கும். அது ஃபேன் சத்தத்துக்கு 8 டெசிபெல் அடியில புதைஞ்சு கிடக்கு. ஃபேனை ரெண்டாம் நம்பர்ல வச்சா 35. மேசைக்கு அடியில இருந்த கம்ப்யூட்டரை அடுத்த ரூமுக்குத் தள்ளி ஒயரை நீளமா இழுத்தேன், 32. ஃபேனையும் நிறுத்தினா 29, 30.

44ல இருந்து 32, பன்னெண்டு டெசிபெல். பாட்டோட வால்யூமைத் தொடவே இல்ல, ஆனா அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த பன்னெண்டு டெசிபெல் சங்கதி வெளிய வந்துடுச்சு. வால்யூமைக் கூட்டாம கூட்டுன மாதிரி. இந்த ஆறு மாசத்துல ஒரு காசு செலவு இல்லாம கிடைச்ச பெரிய லாபம் இதுதான், ஆனா நான் இதை மூணாவதாத்தான் பண்ணேன், முதல்ல பண்ணிருக்கணும்.

ஒரு கூடுதல் தகவல், மீட்டர்ல ஏ வெயிட்டிங்னு ஒண்ணு இருக்கும், அது 1000 ஹெர்ட்ஸ்ல 40 டெசிபெல்லுக்குச் சமமா காதுக்குக் கேக்குற பழைய வளைவை (40 போன் வளைவுன்னு பேர்) வச்சுத்தான் உருவாச்சு, 100 ஹெர்ட்ஸ்ல 19 டெசிபெல் கழிச்சுட்டுதான் காட்டும், 50 ஹெர்ட்ஸ்ல 30. அதாவது சின்ன சத்தத்துல காது எப்படிக் கேக்குதோ அப்படி அளக்கும். ஃபேன் இரைச்சல் எவ்ளோ தொந்தரவுன்னு பாக்க ஏ சரி. பேஸ் எவ்ளோ இருக்குன்னு பாக்க, பேஸை அதிகம் கழிக்காத சி வெயிட்டிங்ல வைக்கணும், இல்லன்னா ஏமாந்துடுவீங்க.

சோஃபாவை விட்டு எந்திரிச்சது

இதுலதான் நிறைய நாள் போச்சு.

சோஃபாவுல சுவரை ஒட்டி உக்காந்தா ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு தூரம். நேரா வர்ற சத்தம் 3.1 மீட்டர் பயணம் பண்ணுது, சைடு சுவர்ல பட்டு வர்ற சத்தம் 3.7 மீட்டர். ரெண்டுக்கும் லெவல்ல ரெண்டு டெசிபெல் கூட வித்தியாசம் இல்ல. அப்போ காதுக்கு நேர் சத்தம் எது, சுவர் சத்தம் எதுன்னு பிரிச்சுப் பாக்கவே கஷ்டம், குரல் குழைஞ்சு போயிடுது. பகல்ல சத்தமா கேக்கும்போது இதை நாம மன்னிச்சுடுவோம், சின்ன சத்தத்துல ஏற்கனவே தகவல் கம்மி, அதுல இதுவும் சேர்ந்தா வார்த்தையே புரியல. ரெண்டு, பின் சுவர். சுவரை ஒட்டுன இடத்துல ரூமோட பேஸ் ரெசனன்ஸ், அதாவது ரூம் அளவுக்கு ஒத்துப்போய் சுவர்களுக்கு நடுவுல முழங்குற ஃப்ரீக்வென்சிகள், எல்லாம் உச்சத்துல இருக்கும். கணக்கு ரொம்ப சுலபம், 343ஐ ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா முதல் ரெசனன்ஸ். எனக்கு 3.6க்கு 48 ஹெர்ட்ஸ், அதோட ரெண்டு மடங்கு 95. சோஃபாவுல ஒரே ஒரு நோட்டு மட்டும் கும்முனு வரும், மத்தது காணோம். அதை நான் பேஸ்னு நம்பிட்டு இருந்தேன்.

சரின்னு எல்லாரும் சொல்ற மாதிரி ஸ்பீக்கரை சுவரை விட்டு இழுத்து ஸ்டாண்டுல வச்சேன், ஸ்பீக்கரோட முன் பலகை, பின்னாடி இருக்கிற சுவர்ல இருந்து 85 சென்டிமீட்டர். நாற்காலியை ரூமுக்கு நடுவுல போட்டேன். குரல் அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு, மேடை மாதிரி ஆழம், சந்தோஷம் தாங்கல. ஆனா பேஸ் சுத்தமா செத்துப் போச்சு, முன்னாடி இருந்த அந்தக் கும்மும் போச்சு. ரெண்டு வாரம் ஸ்பீக்கர்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன், ஒயர் மாத்தி மாத்திக் குத்துனேன், போலாரிட்டி (ப்ளஸ் மைனஸ் சரியா மாட்டிருக்கா) செக் பண்ணேன், எல்லாம் சரியா இருக்கு.

விஷயம் இதுதான். ரூமோட நீளத்துல சரியா நடுவுல 48 ஹெர்ட்ஸ் ரெசனன்ஸ் பூஜ்ஜியம். அங்க உக்காந்தா அந்த ஏரியாவே கேக்காது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஸ்பீக்கரோட பேஸ் பின்னாடி போய் முன் சுவர்ல, அதாவது ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கிற சுவர்ல, பட்டுத் திரும்பி வருது, முன் பலகைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் ஒரு அலைநீளத்துல கால் பங்கா எந்த ஃப்ரீக்வென்சில வருதோ அங்க நேர் சத்தத்தை அது அழிச்சிடும். 343ஐ 85 சென்டிமீட்டரோட நாலு மடங்கால, அதாவது 3.4ஆல வகுங்க, 101 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரோட உடம்பு, ஆம்பளைக் குரலோட அடித்தளம் எல்லாம் இருக்கிற இடம். நானே போய் ரெண்டு பள்ளத்தை வெட்டி வச்சு அதுக்கு நடுவுல நாற்காலி போட்டிருக்கேன்.

சத்தமா கேக்குற பெரிய ரூமுக்கு ஸ்பீக்கரை இழுத்து வைக்கிறது நல்ல யோசனை, அங்க சுவர் குடுக்கிற கூடுதல் பேஸ் தொந்தரவு. சின்ன சத்தத்துக்கு அப்படியே நேர் எதிர், சுவர் குடுக்கிற பேஸ் இலவச உதவி. காது கடன் கேக்குது, சுவர் குடுக்குது, வாங்கிக்க வேண்டியதுதானே. இது புரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு முழுப் பிரச்சினையும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுச்சு.

அதனால ஸ்பீக்கரைத் திரும்பப் பின்னாடி தள்ளினேன். பெட்டி ஆழம் 22 சென்டிமீட்டர், பின்னாடி போர்ட் மூச்சு விட 12 சென்டிமீட்டர் இடம், மொத்தம் 34. இப்போ அந்தப் பள்ளம் 252 ஹெர்ட்ஸுக்குப் போயிடுச்சு, அதுக்கு ரொம்பக் கீழ இருக்கிற பேஸுக்கெல்லாம் சுவர் கை குடுக்குது. ஆனா குரல் தெளிவை விட்டுக்குடுக்க மனசில்ல, அதனால ஸ்பீக்கர் பின்னாடி போனா நான் முன்னாடி போறேன்னு நாற்காலியை முன் சுவர்ல இருந்து 1.3 மீட்டர்ல போட்டேன். ஸ்பீக்கர் ரெண்டுக்கும் நடுவுல 1.1 மீட்டர், எனக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1.1 மீட்டர், சமபக்க முக்கோணம், ட்வீட்டர் (ட்ரெபிள் குடுக்கிற சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துல, ரெண்டும் என் தோளுக்குக் கொஞ்சம் வெளிய பாக்குற மாதிரி திருப்பி.

இப்போ நேர் சத்தம் 1.1 மீட்டர், சைடு சுவர் சத்தம் 2.6 மீட்டர், ஏழரை டெசிபெல் வித்தியாசம். முன்னாடி ரெண்டு கூட இல்லாதது ஏழரை. இன்னொன்னு, கிட்டக்க வந்ததால அதே 56 டெசிபெல் காதுக்கு வர ஆம்ப் குடுக்க வேண்டியது குறைஞ்சுடுச்சு. திறந்த வெளியில இந்த தூரத்துக்கு 9 டெசிபெல் வித்தியாசம் வரணும், ரூமுக்குள்ள எதிரொலியும் இருக்கிறதால எனக்கு 5 வந்துச்சு. அந்த 5 டெசிபெல் ரூம்ல குறைஞ்சா கதவு வழியா குழந்தை ரூமுக்குப் போறதும் 5 குறையும். இதை நான் எதிர்பார்க்கவே இல்ல.

பாக்க அழகா இல்ல, அதை ஒத்துக்கணும், ஒருத்தர் மட்டும்தான் உக்காந்து கேக்க முடியும். பகல்ல நாற்காலியைத் தூக்கி ஓரமா வச்சுட்டு சோஃபாவுல எல்லாரும் உக்காருவோம், ராத்திரி போட்டுக்குவேன், தரையில சின்னதா டேப் ஒட்டி இடம் குறிச்சு வச்சிருக்கேன்.

மைக் வச்சு அளந்தது

யூமிக்-1னு யூஎஸ்பி மைக், ரூம் ஈக்யூ விசார்ட்னு இலவச சாஃப்ட்வேர். தலை இருக்கிற இடத்துலயும் சுத்தி ஒரு ஜான் தள்ளித் தள்ளி ஆறு ஏழு இடத்துலயும் ஸ்வீப் (கீழ இருந்து மேல வரைக்கும் எல்லா ஃப்ரீக்வென்சியும் வரிசையா வர்ற டெஸ்ட் சத்தம்) ஓட்டி சராசரி எடுத்தேன். ஒரே இடத்துல அளந்து அதை நம்பி ஈக்யூ (ஃப்ரீக்வென்சி வாரியா ஏத்தி இறக்குறது) போட்டா தலையைத் திருப்புனா எல்லாம் மாறிடும், அதனால சராசரி.

115 ஹெர்ட்ஸ்ல ஒரு மலை, 8 டெசிபெல் உயரம், மத்த பேஸ் எல்லாம் நின்ன பிறகும் இது மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கு. ஆரம்பத்துல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அகலம் 3 மீட்டர், உயரம் 2.9. ரெண்டாவது ரெசனன்ஸ் அகலத்துக்கு 114, உயரத்துக்கு 118. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு, அதுவும் அகலத்துக்கு நடுவுல உக்காந்தா 114 உச்சத்துல கேக்கும், ஸ்டீரியோவுக்கு நடுவுலதானே உக்காரணும்.

இந்த மலையை ஏன் முதல்ல வெட்டணும்னு சொல்றேன், எனக்கு இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியமான இடம். சின்ன சத்தத்துக்கு பேஸைத் தூக்கியே ஆகணும், சரி. ஆனா பேஸ் முழுசையும் தூக்கினா இந்த மலையும் சேர்ந்து எழும்புது. மூணு டெசிபெல் தூக்கினதுமே 115 கும்மு கும்முன்னு காதை அடைக்கும், உடனே கை தானா போய் பேஸைக் குறைச்சிடும். மத்த பேஸுக்கு இன்னும் நாலஞ்சு டெசிபெல் பாக்கி இருக்கும், ஆனா இந்த ஒரு மலையால அதைக் குடுக்க முடியாது. டோன் கண்ட்ரோல்ல பேஸைத் திருப்பிப் பாத்துட்டு "சே, பூம் ஆகுது"ன்னு திரும்ப நடுவுல வச்சிருக்கீங்கன்னா அனேகமா உங்க ரூம்லயும் இப்படி ஒரு மலை இருக்கும்.

விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓங்கிற சாஃப்ட்வேர் போட்டு 115ல 6 டெசிபெல் வெட்டு, க்யூ (வெட்டு எவ்ளோ குறுகலா இருக்கணும்ங்கிற எண்) 5. எட்டையும் வெட்டல, வெட்டுனா அந்த இடம் காய்ஞ்சு போச்சு. பள்ளங்களை நிரப்பப் போகவே இல்ல, ரூம் அழிக்கிற இடத்துல எவ்ளோ ஊத்துனாலும் அதையும் அழிக்கும். 252 பள்ளத்துக்கு மட்டும் ஸ்பீக்கருக்குப் பின்னாடி சுவர்ல 5 சென்டிமீட்டர் மினரல் வூல் பேனல் வச்சேன், கொஞ்சம் குறைஞ்சுச்சு, முழுசா போகல.

ஸ்வீப் ஓட்டும்போது ஜன்னல் கொக்கி ஒண்ணு 90 ஹெர்ட்ஸ் பக்கம் கிறுகிறுன்னு அதிருறது மாட்டுச்சு. சின்னதா துணி மடிச்சு வச்சு அடக்கியாச்சு.

இடது வலது சாய்ஞ்சது

இது சின்ன வால்யூமுக்கே உரிய வியாதி. நாப் ரொம்பக் கீழ, ஏழு எட்டு மணி பொசிஷன்ல இருக்கும்போது குரல் நடுவுல இல்லாம வலது பக்கம் போய் நின்னுச்சு. என் காதுலதான் கோளாறோன்னு பயந்து போய் காது டாக்டர்கிட்ட வரைக்கும் போகலாம்னு இருந்தேன். சாதாரண வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர்ல ரெண்டு சேனலுக்கும் தனித்தனி ட்ராக், அடிப்பக்கத்துல ரெண்டும் சரியா ஒத்துப் போகாது, மேல போகப் போக சரியாகும். அளந்தா என்னுது 3 டெசிபெல் வித்தியாசம் காட்டுச்சு, 3 டெசிபெல்னா குரல் நல்லாவே நகரும். தீர்வு சுலபம், கம்ப்யூட்டர் பக்கம் டிஜிட்டல்ல 15 டெசிபெல் குறைச்சுட்டு நாப்பைப் பத்து மணிக்கு ஏத்திட்டேன், நடுவுக்கு வந்துடுச்சு. 24 பிட்ல அனுப்பினா 15 டெசிபெல் குறைக்கிறதால காதுக்குத் தெரியுற இழப்பு எதுவும் இல்ல. கம்ப்யூட்டர் இல்லாதவங்க ஆம்புக்கு முன்னாடி 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற சின்ன பாகம்) போட்டுக்கலாம், அதே பலன்.

கடைசியாத்தான் லவுட்னஸ்

மேல சொன்ன எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பேஸைத் தூக்கினேன். பழைய ஆம்ப்கள்ல லவுட்னஸ்னு ஒரு பட்டன் இருக்கும், யோசனை சரியானதுதான், ஆனா அது நாப் எங்க இருக்குன்னு மட்டும்தான் பாக்கும், உங்க ஸ்பீக்கர் எவ்ளோ சென்சிட்டிவ், நீங்க எவ்ளோ தூரத்துல உக்காந்திருக்கீங்க, பாட்டு எந்த லெவல்ல ரெக்கார்ட் ஆயிருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால ஒரு வீட்ல சரியா இருக்கும், இன்னொரு வீட்ல வெள்ளமா கொட்டும், லவுட்னஸுக்கே கெட்ட பேர் வந்தது இப்படித்தான்னு நினைக்கிறேன். யமஹா ஆம்ப்கள்ல இதைத் தனி நாப்பாவே வச்சிருக்காங்க, மெயின் வால்யூமை நீங்க சத்தமா கேக்குற லெவல்ல நிறுத்திட்டு, லவுட்னஸ் நாப்பால குறைச்சுக்கிட்டே வரணும், குறையக் குறைய வளைவு தானா மாறும். ரொம்பப் பேர் வீட்ல அது இருக்கு, மெயின் வால்யூமால குறைச்சுட்டு அதைத் தொடாமலே விட்டிருக்காங்க. ஆர்எம்ஈ ஏடிஐ-2 டேக்லயும் (டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏத்த அனலாக்கா மாத்துற பெட்டி) இது உண்டு, ஒரு ரெஃபரன்ஸ் வால்யூம் சொல்லிட்டா அதுக்குக் கீழ போகப் போக பேஸும் ட்ரெபிளும் படிப்படியா ஏறும்.

எங்கிட்ட ரெண்டும் இல்ல, கையால செஞ்சேன். 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்து கீழ ஏறுற லோ ஷெல்ஃப், அதாவது அதுக்குக் கீழ உள்ள பேஸ் முழுசையும் தூக்குற ஈக்யூ, மூணு ப்ரீசெட். சாயங்காலம் 68 டெசிபெல்லுக்கு 3, ராத்திரி 56க்கு 6, ரொம்ப நேரம் ஆயிட்டா 50க்கு 8. கூடவே 8000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒன்றரை டெசிபெல் மட்டும். வளைவு சொல்ற முழுக் கணக்கையும் போட்டா, அதாவது 50 ஹெர்ட்ஸ்ல 9 டெசிபெல் தூக்கினா, எனக்கு அதிகமாப் பட்டுச்சு, முக்கால்வாசில நிறுத்தினதுதான் ரொம்ப நேரம் கேக்க இதமா இருந்துச்சு. எவ்ளோ தூக்குறோமோ அவ்ளோ சாஃப்ட்வேர்ல ப்ரீஆம்பை, அதாவது மொத்த லெவலை, குறைச்சு வைக்க மறந்துடாதீங்க, இல்லன்னா க்ளிப் ஆகி சத்தம் உடையும்.

இது உண்மையிலயே நல்லா இருக்கா, இல்ல பேஸ் கூடுனதால சும்மா சத்தம் கூடி நல்லா இருக்கிற மாதிரி தெரியுதான்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு, ஏன்னா ஒரு டெசிபெல் அதிகமா இருந்தாலே காது அதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லும். அதனால பிங்க் நாய்ஸ்ங்கிற டெஸ்ட் இரைச்சல் வச்சு ரெண்டு செட்டிங்கையும் ஒரே லெவலுக்குக் கொண்டு வந்துட்டு, மனைவியை லேப்டாப்ல மாத்தச் சொல்லி கண்ணை மூடிக் கேட்டேன். இருபது தடவை மாத்தினாங்க, எது எதுன்னு சொல்லாம. பதினெட்டு தடவை ஷெல்ஃப் உள்ளதைத்தான் எடுத்திருக்கேன். அப்புறம் அவங்களை உக்கார வச்சேன், அவங்களுக்கு டெசிபெல் எல்லாம் தெரியாது, "இதுல பாட்டு கிட்ட இருக்கு, அதுல பக்கத்து வீட்ல ஓடுற மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் ஆறு மாசமா சொல்ல முடியாம தவிச்சதை ஒரே வரியில சொல்லிட்டாங்க.

பேஸை ஏத்துனா குழந்தை ரூமுக்குப் போகாதான்னு கேப்பீங்க. அந்த ரூம் கதவு பக்கத்துல சி வெயிட்டிங்ல அளந்தேன், பேஸ்தானே சுவரைத் தாண்டும். பழைய சோஃபா செட்டப்ல 56 வர்ற மாதிரி வச்சப்போ எவ்ளோவோ, இப்போ நாற்காலியில 56, ஷெல்ஃபும் போட்டு, கிட்டத்தட்ட அதேதான், ஒரு டெசிபெல்லுக்குள்ள. கிட்டக்க உக்காந்து மிச்சம் பண்ண 5 டெசிபெல்லை பேஸுக்குச் செலவு பண்ணியாச்சு, வெளிய போறது மாறல.

மெதுவா ஆரம்பிச்சு திடீர்னு பொங்குற இசைக்கு, முக்கியமா ஆர்க்கெஸ்ட்ராவுக்கு, இதெல்லாம் போதாது. மெதுவான இடம் கேக்குற மாதிரி வச்சா பொங்குற இடத்துல வீடே எந்திரிச்சிடும். அதுக்கு மட்டும் ஒன்றரைக்கு ஒண்ணு விகிதத்துல லேசான கம்ப்ரஸர் (சத்தமான இடத்துக்கும் மெதுவான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கிறது) ஒரு தனி ப்ரீசெட். பாட்டுக்கு அது வேண்டாம், போட்டா தாளத்தோட அடி மழுங்கிப் போகுது.

இப்போ பாக்கி இருக்கிறது அந்த 252 பள்ளம். சில குரல்கள்ல நெஞ்சுல இருந்து வர்ற கனம் இன்னும் கொஞ்சம் குறைவாத்தான் கேக்குது. அடுத்த வாரம் 10 சென்டிமீட்டர் பேனல் செஞ்சு, போர்ட்டை அடைக்காம இருக்க ஸ்பீக்கரை இன்னும் 5 சென்டிமீட்டர் முன்னாடி நகர்த்திப் பாக்கப் போறேன், முன் பலகை 39க்கு வரும், பள்ளம் 220க்கு இறங்கும், அதனால லாபமா நஷ்டமான்னு கணக்குல சொல்ல முடியல, அளந்துதான் பாக்கணும். நேத்து ராத்திரி பதினொரு மணி, ஃபேன் ரெண்டுல, 54 டெசிபெல், நான் பல வருஷமா கேட்ட ஒரு பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு அடியில பேஸ் கிட்டார் தனியா ஒரு வரி வாசிச்சுட்டுப் போறதை முதல் தடவையா கவனிச்சேன்.